வரிச் சலுகையும் அம்மாவின் சம்பளமும்

மொன்றியலில் ஜான்-டலோன் சந்தைக்கு அருகே ஒரு மரக்கறிக் கடையில் அம்மா வேலை செய்கிறார். குறைந்த சம்பளக்காரருக்கான வரிச் சலுகைப் படிவத்தை அவருக்காக நானே நிரப்பி அனுப்பினேன். பணம் வந்த மகிழ்ச்சியில் அதை அவர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். மறுவாரம் அம்மா சம்பள உயர்வு கேட்டபோது நானும் அருகில் நின்றேன்.

“உங்களுக்குத்தான் அரசாங்கம் தருகுதே, அக்கா. பிறகேன் நானும் கூட்டித் தரவேணும்?” என்று சிரித்த முதலாளி, விற்பனைக்கு வைத்த திராட்சையில் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“ஓம் தம்பி, அதுவும் சரிதான்,” என்றார் அம்மா.

அம்மாவின் வறுமைக்காக வந்த உதவியைத் தனக்குரிய மானியமாகவே அந்த மனிதர் எடுத்துக்கொண்டார். இந்த ஆண்டும் படிவத்தை நிரப்பினேன். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டேன்.

“ஏன் பிள்ளை, போனமுறை அந்தாளும் சந்தோஷப்பட்டதுதானே,” என்றார்.