சட்டையில் குத்திய நோட்டு

நான் படித்தது நாலாம் வகுப்பு. துபாயில், ஜெபல் அலி துறைமுகத்தில் இன்று பதினோரு டிரெய்லர் என் பெயரில் ஓடுகிறது. யார் கையையும் பிடித்து மேலே வந்தவன் இல்லை. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடுவேன் என்பது என் பெருமை. ஒருவனிடம் மட்டும் தோற்றேன்.

ஆப்கானிஸ்தான்காரன், என் மூத்த டிரைவர்; பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். என்னை அர்பாப் என்பான், முதலாளி என்று அர்த்தம். ஒன்பது வருடமாக மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே தட்டில். மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளைகள் கனடாவில் தங்கிவிட்ட பிறகு எனக்கு அந்தத் தட்டுதான் வீடு.

பதினோராவது வண்டி வந்த வெள்ளிக்கிழமை யார்டில் பிரியாணி போட்டேன். டிரைவர்கள் வட்டம் கட்டிக் கைதட்டினார்கள். "பட்டாணி, நீ ஆடுய்யா!" என்றேன்.

"மாஃபி, அர்பாப். வேணாம்." மாஃபி என்றால் இங்கத்து அரபியில் 'இல்லை', இந்தியில் மன்னிப்பு.

"பாய் வெட்கப்படுறாரு, புதுப்பொண்ணு மாதிரி!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டேன். ஆடினான். பழகிய கால்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் ஊர்க் கரகாட்டத்தில் செய்கிற மரியாதை நினைவுக்கு வந்து, புதுவண்டி மாலையிலிருந்த ஊக்கைப் பிடுங்கி, நூறு திர்ஹம் நோட்டை அவன் சட்டையில் குத்தினேன்.

அப்படியே நின்றான். நோட்டைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு வண்டிப் பக்கம் போனான். பின்னாலேயே போனேன். இந்தியில் சொன்னான்:

"பன்னெண்டு வயசுல ஒரு தளபதி என்னைத் தூக்கிட்டுப் போனான். சலங்கை கட்டி ஆம்பளைங்க நடுவுல ஆடவிட்டான். பிடிச்சவன் இப்படித்தான் நோட்டு குத்துவான். அவன்கூட விட்டுக் கதவைச் சாத்துவாங்க."

"யாரும் கேக்கலையா?"

"சுவருக்கு அந்தப் பக்கம் வெளிநாட்டுப் பட்டாளம். நான் கத்தினது அவங்களுக்குக் கேட்டுச்சு. காலையில அந்தத் தளபதிகூட உக்காந்து டீ குடிச்சாங்க. இது எங்க ஊர் வழக்கமாம். தப்பிச்சு வீட்டுக்கு ஓடினேன். மானம் போச்சுன்னு அப்பா வாசல்லயே நிறுத்திட்டாரு. போனது அவரோட மானமாம்."

"எனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வேணாம்னு சொன்னேனே அர்பாப், அது தெரியும்ல?"

மறுநாளும் நேரத்துக்கு டூட்டிக்கு வந்தான். இன்றும் வருகிறான். சாப்பாடு மட்டும் தனியாக, வண்டிக் கேபினுக்குள்.

போன வாரம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று போய்க் கதவைத் தட்டினேன். வாழ்க்கையில் யாரிடமும் கேட்டுப் பழகாத ஆள் நான். கண்ணாடியை இறக்கினான்.

"லோடா, அர்பாப்?"

"மாஃபி," என்றேன். லோடு இல்லை என்று எடுத்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான்.