மூன்று நாளும் மூன்று பக்கமும்

எனக்கு வாய் அடங்காது. அதைவிடக் கை அடங்காது. யாராவது ஒரு படிவத்தோடு திகைத்து நின்றால் பேனையைப் பறித்து நானே நிரப்பிக் கொடுத்தால்தான் எனக்கு ஆறுதல். கனடாவில், மில்லிக்கனில் எங்கள் தெருவில் பாஸ்போர்ட், பென்ஷன், ஸ்பொன்சர் என்று எந்தக் கடதாசி வந்தாலும் ஆட்கள் நேரே எங்கள் குசினி மேசைக்குத்தான் வருவார்கள். அப்படிச் சம்பாதித்த பெயரை வைத்துத்தான் ஒரு நல்ல மனுசியின் அலுவலைக் கெடுத்தேன்.

அவர் ஈரான்காரி. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்குப் பக்கத்தில் நின்று மரக்கறி வெட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் முதல் நாளிலிருந்தே அக்கா என்று கூப்பிட்டேன். இப்போது சமையலறை முழுக்க அவருக்கு அதுதான் பெயர். எங்களுக்குள் ஓடுவது உடைந்த ஆங்கிலம். அவர் சொன்னதை இங்கே என் பேச்சில்தான் எழுத முடிகிறது.

அவரைக் கனடாவுக்கு எடுப்பித்த மகன் கல்கரியில் வேலை. மகள் எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், பஃபலோவில் படிக்கிறாள். புருசனும் மாணவன்தான். பஃபலோ எங்கள் வீட்டிலிருந்து காரில் இரண்டு மணித்தியாலம். ஆனால் ஆறு வருடமாகத் தாயும் மகளும் நேரில் பார்த்ததில்லை. மகளிடம் இருப்பது ஒரேயொரு முறை உள்ளே போகும் விசா. வெளியே வந்தால் திரும்பப் போகலாமா என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தாயிடம் ஈரான் பாஸ்போர்ட்டும் கனடிய வதிவுரிமையும் மட்டும். எல்லைப் பாலத்தைத் தாண்ட அவருக்கும் விசா வேண்டும். மகள் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்த அன்று அக்கா கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். பிள்ளைப்பேற்றுக்கு நான் அவளுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும், அந்தப் படிவத்தை நிரப்பித் தா என்றார்.

அடுத்த ஞாயிறே எங்கள் மேசையில் உட்கார்ந்தோம். ஏதாவது அமைப்பில் இருந்தீர்களா, உதவினீர்களா என்ற மாதிரி ஒரு கேள்வி வந்தது. இல்லை என்றார். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரியும். யுத்தத்தால் ஓடிவந்த எங்கள் ஆட்கள் எத்தனை பேர் அந்தக் கேள்விக்கு அதே மேசையில் அப்படிக் கோப்பையைப் பார்த்திருக்கிறார்கள்!

மெல்ல மெல்லத்தான் வந்தது. மன்னர் ஓடிப் புரட்சி வென்ற வருடம், தெஹ்ரானில் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஏறி உள்ளே இருந்தவர்களைப் பணயமாகப் பிடித்தார்கள் அல்லவா, அந்த வாசலில் பத்தொன்பது வயதில் இவரும் நின்றிருக்கிறார். வெளியே திருவிழாச் சனமாம். அவித்த பீற்றூட்டைச் சுடச்சுட விற்றார்களாம். இவளுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று வகுப்புத் தோழி ஒருத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மூன்று நாள், காலையில் போய்ப் பின்னேரம் திரும்பினார். பிடிபட்டவர்கள் கேட்பதை மொழிபெயர்ப்பது வேலை. தண்ணீர், மருந்துக் குளிசை, போர்வை. மூன்றாம் நாள் ஒரு மனிதர், நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் மனைவிக்கு அறிவியுங்கள் என்று கேட்டார். அதை ஒரு துண்டில் எழுதிப் பொறுப்பானவனிடம் கொடுத்தாராம். போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது. நாலாம் நாள் அக்காவின் அம்மா கால் சப்பாத்தை ஒளித்துவைத்தார். அதோடு சரி.

ஓரிரு கிழமையில் முடியும் என்று நினைத்தார்களாம். ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. இரண்டு நாட்டுக்கும் உறவு அறுந்தது, தடை வந்தது, அயல்நாட்டோடு யுத்தம் வந்தது. அகப்படாமல் தப்பிய ஆறு அமெரிக்கர்களை அப்போது தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்தவர்கள் கனடாக்காரர். கடைசியில் என்னையும் அவர்கள்தானே வைத்திருக்கிறார்கள் என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"கதவைப் பூட்டினது நாங்கள்தான். இப்ப வெளியில நிக்கிறதும் நாங்கள்தான்."

கதையைக் கேட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு என் அகதி விசாரணை ஞாபகம் வந்தது. ஒரு நாள் ராணுவ முகாமில் இருத்தி வைத்ததை என் வாக்குமூலத்தில் எழுத விட்டுவிட்டேன். விசாரித்தவர் அந்த ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் என்னை அவித்தெடுத்தார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பாடம்தான்: ஒன்றையும் விடக்கூடாது, விட்டால் பிடிப்பான். எழுதுவோம் அக்கா என்றேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. திகதி, நேரம், போர்வை, குளிசை என்று மூன்று பக்கம் எழுதினேன்.

என் கணவர் எட்டிப் பார்த்தார். "இஞ்சரும், போய்ப் பாத்திட்டு வாற விசாவுக்கு ஆரும் அகதிக் கேஸ் எழுதுறவையே? கேக்காததுக்கு ஏன் மறுமொழி?" என்றார். உங்களுக்கு ஒன்றும் விளங்காது, போய் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அவரைத் துரத்தினேன்.

விசா நேர்முகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெடியன் நல்லாய்ச் சிரித்துக் கதைத்தானாம். பேரப்பிள்ளைக்கு வாழ்த்துக்கூடச் சொன்னானாம். நான் சொல்லிக் கொடுத்தபடியே அக்கா, கேட்காமலே அந்த மூன்று பக்கத்தையும் ஓட்டைக்குள்ளால் நீட்டினார். அவன் வாசித்தான். எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்து, மேலதிக விசாரணை வேண்டும், அறிவிப்போம் என்று ஒரு கடதாசியைக் கொடுத்தான். அவ்வளவுதான். மகளுக்கு ஐந்தாம் மாதம் போயிற்று, ஏழாம் மாதம் போயிற்று, ஒரு அறிவிப்பும் இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் கரட் சீவிக்கொண்டிருந்தபோது மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்ததாக ஃபோன் வந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் குளிர் அறைக்குள் போய் அழுதேன். அக்கா பின்னால் வந்தார். நான்தான் எல்லாத்தையும் கெடுத்தது என்றேன். இல்லை என்று அவர் பொய் சொல்லவில்லை.

"ஓம், நீதான். மூண்டு நாள் உன்னோட நான் கதைக்கேல்லை, நீ அதைக்கூடக் கவனிக்கேல்லை. ஆனா நாப்பத்தைஞ்சு வருசமா ஆருக்கும் சொல்லாததை உன்னட்டச் சொன்னன். அதுக்குப் பிறகு எனக்கு நித்திரை வருது."

அவருக்கு நித்திரை வந்தது, எனக்குப் போயிற்று. பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, அவரைக் காரில் ஏற்றினோம். மாவும் நெய்யும் குங்குமப்பூவும் போட்டு மகளுக்குக் கிண்டிய களியை மடியில் வைத்திருந்தார். நெடுஞ்சாலை நெரிசலைத் திட்டித் திட்டி என் கணவர் ஃபோர்ட் ஈரி வரை ஓட்டினார். அங்கே ஆற்றுக்கு இந்தக் கரை கனடா, அந்தக் கரை பஃபலோ. அவர்கள் இருவரும் கரையில் நிற்க, கனடா பாஸ்போர்ட் வைத்திருந்த நான் களியோடு டாக்சியில் பாலத்தைத் தாண்டினேன். அக்கா போகவேண்டிய வழியில் நான் போகிறேனே என்று வெட்கமாக இருந்தது.

மகளுக்குத் தாயின் நெற்றி, தாயின் கை. களியில் ஒரு வாய் எடுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிள்ளையைச் சுற்றியெடுத்துக்கொண்டு மருமகன் எங்களை ஆற்றங்கரைக்கு ஏற்றிப்போனான். அக்கரையில் என் கணவர் விரித்துப் பிடித்த வானவில் நிறக் குடை தெரிந்தது. அதன் கீழ் சின்னதாக ஒரு உருவம். மகள் பிள்ளையை உயர்த்திக் காட்டினாள். குடை மேலும் கீழும் ஆடியது. வீடியோவில் மகளோடு கதைத்துக்கொண்டிருந்த அக்கா, ஃபோனை என்னிடம் கொடுக்கச் சொன்னார்.

"முகம் ஃபோனில வடிவாத் தெரியுது. மணம்தான் இல்லை. பிள்ளையை உன்ர தோளில கொஞ்ச நேரம் போட்டு வைச்சிரு. துடைக்காம வா."

அரை மணித்தியாலம் வைத்திருந்தேன். பிள்ளை என் கழுத்தோடு ஒட்டி நித்திரையாகி, கொஞ்சம் பாலும் கக்கியது. மருமகன் துடைக்கக் கடதாசி நீட்டினான். வேண்டாம் என்று தள்ளினேன். திரும்பும்போது எல்லையில் ஏதாவது கொண்டுவருகிறீர்களா என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

கரையில் அக்கா காத்து நின்றார். நேரே வந்து என் தோளில் முகத்தைப் புதைத்தார். நெடுநேரம் மூச்சை உள்ளே இழுத்தார். எனக்கு அழுகை வந்து உடம்பு குலுங்கப் பார்த்தது.

"அசையாதை," என்றார்.

நான் அசையவில்லை.