உஷாராணியின் இரண்டாவது வடை

வாழை இலையின் வலப்பக்கம் வடை விழுந்தால் உஷாராணி இன்னொன்று கேட்பாள். பசிக்கு அல்ல, இடப்பக்கம் வைக்க. பிரிக்பீல்ட்ஸ் கடையில் பரிமாறுகிறவர் இப்போதெல்லாம் கேட்பதுகூட இல்லை. "டாக்டருக்கு ரெண்டு லா," என்று வைத்துவிட்டுப் போகிறார்.

எதிரே உட்காரும் தாய்மாமன் சபாபதிக்கு இதிலும் பெருமைதான். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மேரு ஊரில் சொந்த லோரிகள் ஓட்டுகிற மனிதர். மருமகளின் ஆராய்ச்சியைப் பக்கத்து மேசைக்கு அவரே விளக்குவார்.

"ஒரே ஒரு மூலக்கூறு, அதுவே காந்தம் பாஸ். திசை மாறணும்னா ஒரு மேட்ட ஏறி இறங்கணும். குளிர்ல ஏற முடியாது, நிக்கும். ஆனா அமைப்பு கொஞ்சம் கோணலா இருந்தா மேட்டுக்குள்ளயே பூந்து அந்தப் பக்கம் போயிரும். டோல் கட்டாம நம்மாளுங்க கம்பத்து ரோட்டுல, கிராமத்து வழியா போறானுங்கல்ல, அதான்."

அந்தக் கம்பத்து ரோட்டை அடைப்பதுதான் உஷாராணியின் பிழைப்பு. மூலக்கூறின் நடுவில் இருக்கும் டிஸ்ப்ரோசியம் அணுவைச் சுற்றி மற்ற அணுக்களை இருபுறமும் சமமாக, கோணாமல் நிறுத்தவேண்டும்.

போன வருட ஆயுத பூசையன்று லோரிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு மாமா ஆய்வகத்துக்குப் போனார். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, அளக்கும் கருவிக்குள் மாதிரியைத் தொங்கவிடும் கோலுக்கும் ஒன்று வைத்தார்.

அன்று கருவி காட்டியது அதிசயம். கடுங்குளிரே வேண்டாம், சாதாரண அறைச் சூட்டிலும் காந்தம் திசை மாறாமல் நின்றது. அறிவித்துவிடலாம் என்றார் ஆய்வகத்துப் பேராசிரியர். "என் கைராசி" என்று மாமா மேரு முழுக்கச் சொல்லிவிட்டார். உஷாராணிதான் பொறுங்கள் என்றாள். அறிவித்தபின் பொய் என்றானால் அவள் பேச்சை அப்புறம் யார் நம்புவார்கள்?

மாதிரியே இல்லாமல் வெறுங்கோலை இறக்கிப் பார்த்தாள். அதுவும் காந்தமாக நின்றது.

"மாமா, இதுல கை வச்சீங்களா?"

"பொட்டு மட்டும்தான்மா."

"பிரேக் கழட்டின கையோடயா?"

"லோரிக்கு ஆகுது, இதுக்கு ஆகாதா?"

பொட்டோடு ஒட்டிய பிரேக்கின் இரும்புத்தூள். கோலைக் கழுவிவிட்டு அளந்ததும் மூலக்கூறு பழையபடி கம்பத்து ரோட்டில் நழுவியது. பேராசிரியரிடம் அவளே போய்ச் சொன்னாள். மாமா அசரவில்லை. "அவ்வளவு பெரிய மெஷினையே ஏமாத்தினது என் பிரேக் தூளு," என்று இன்றும் சொல்லித் திரிகிறார்.

இந்த வருடப் பூசைக்கு அவரைச் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்து, ஆய்வகத்தின் வெளிக்கதவோடு நிறுத்தினாள். அவர் கதவில் வைத்த பொட்டு சற்று இடப்பக்கமாக விழுந்தது. உஷாராணி தள்ளி நின்று பார்த்தாள். பிறகு மாமாவின் விரலைப் பிடித்து, குங்குமத்தில் தோய்த்து, வலப்பக்கம் அதே தூரத்தில் ஒன்று வைத்தாள்.