பேச்சியும் டைகரும் நிற்கும் படம்

மும்பை மாட்டுங்கா ஸ்டேஷன் மேம்பாலத்தில், காலை நெரிசலில், ஒரு நாய் நடுப்படியில் படுத்துத் தூங்கும். ஆபீசுக்கு ஓடுகிற கூட்டம் அதன் முன்னால் வந்ததும் இரண்டாகப் பிரிந்து, தாண்டியதும் ஒன்றாகிவிடும். யாரும் மிதிப்பதில்லை, விரட்டுவதுமில்லை. இதே கூட்டம்தான் ரயிலில் ஏறும்போது மனுஷனை முழங்கையால் இடிக்கும். பாதி ஆயுசை இங்கே கழித்த பிறகும் எனக்கு இது விளங்கவில்லை. அந்தப் படியில்தான் நான் முதன்முதலாக மண்டிபோட்டுப் படம் எடுத்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். கேமராப் பைக்கு ஜிப் மாற்ற வந்த வாடிக்கையாளர் ஒருவர், புதுக் கேமரா வாங்கிவிட்டதால் பழையதை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். ஐந்தாவது வரைதான் படித்திருக்கிறேன். கேமராவின் மேல் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகள் புரியாது. எந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் கூடும் என்று கைதான் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை கோபர்கைரனேக்குப் போய், கடல்கழியை ஒட்டிய சதுப்புக் காட்டோரம் உட்கார்ந்திருப்பேன். கொக்கு, மீன்கொத்தி, ஒரு தடவை நரிகூடக் கிடைத்தது. மற்ற நாட்களில் தெரு நாய்கள். மனுஷர்களை எடுப்பதில்லை. நில்லுங்கள், சிரியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒரு தடவை சயானில், குட்டி போட்ட நாயை எடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் அதற்குச் சப்பாத்தி போடுகிற மராட்டி அம்மாள் ஒருவர் ஓடிவந்து, “ஏ, முனிசிபால்டிவாலா ஹை க்யா?” என்று என் சட்டையைப் பிடித்துவிட்டார். நாயைப் பிடித்துப்போகப் படம் எடுக்கிறேன் என்று நினைத்துவிட்டார். கேமராவைத் திருப்பிக் காட்டினேன். மீன்கொத்தி, கொக்கு, நாய், மறுபடி நாய். பார்த்துக்கொண்டே வந்தவர் சிரித்து, “பாகல் ஹை தூ” என்று சட்டையை விட்டார். பைத்தியம் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. இந்த ஊரில் என்னை யாரென்று தெரிந்தவர் யார்?

ஊரில் அப்படி இல்லை. நாங்குநேரிப் பக்கம் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே டீக்கடை. அங்கே பெஞ்சில் இருக்கிறவர்களுக்கு என் அப்பாவையும் தெரியும், நான் எந்த வகுப்போடு நின்றேன் என்பதும் தெரியும். தாராவியில் நாங்கள் நாலு ஆண்கள் ஒரே அறையில் படுக்கிறோம். அங்கே குடும்பத்தை எப்படி வைத்துக்கொள்வது? மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு, என் மனைவி பேச்சிக்கு வீட்டில் துணை என்று இருந்தது டைகர் ஒன்றுதான். பெயர்தான் டைகர். கோழி எதிர்த்து வந்தால் ஒதுங்கிப் போகும்.

போன கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கேமராவோடு போயிருந்தேன். படங்களைப் பூராவும் பார்த்துவிட்டு பேச்சி கேட்டாள். “ஊருல உள்ள நாயெல்லாம் எடுத்திருக்கிய. நானும் டைகரும் நிக்கமாதிரி ஒண்ணு எடுங்க. ஒங்க ரூம்ல மாட்டி வைக்கலாம்லா.” சொன்ன கையோடு முகம் கழுவி, சேலை மாற்றி, டைகரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றாள். நான் கேமராவை எடுத்துக்கொண்டு நடைவரை போனேன். எதிரே பெஞ்சு நிறைய ஆள். தெரு நடுவில் நின்று பெண்டாட்டியையும் நாயையும் படம் எடுத்தால் என்ன சொல்வார்கள்? நடையில் நின்றபடியே, “வெயிலு சரியில்ல ளா. அடுத்த தடவ எடுப்போம்” என்றேன். அவள் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “சரி” என்று உள்ளே வந்துவிட்டாள். டைகர் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

ஆடி மாதம் பேச்சியிடமிருந்து போன் வந்தது. “டைகர் செத்துப் போயிட்டு. நேத்தே கஞ்சி குடிக்கல” என்றாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

தீபாவளிக்குப் போனதும் முதல் வேலையாகக் கேமராவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பேச்சி வாசலுக்கு வந்தாள். பெஞ்சிலிருந்து ஒருவர் அவளைக் காட்டி, “என்னவே, மயினிக்கு ஆதார் கார்டா?” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். இன்னொருவர், “வெளிச்சத்தப் பாத்து நிக்கீரே, படம் விழாதுவே, இந்தப் பக்கம் வாரும்” என்று நகர்ந்து இடம் கொடுத்தார். பிறகு அவர்கள் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் கேலி. கையிலிருந்த டீ ஆறுகிற நேரம்கூட இல்லை. இதற்குப் பயந்துதான் நான் அன்றைக்கு நடையிலேயே நின்றேன்.

பேச்சி வாசலின் ஓரத்தில் நின்றாள். “நடுவுல வாயேன் ளா” என்றேன். “நான் இங்கனயே நிக்கேன். நீங்க எடுங்க” என்றாள். எடுத்தேன்.

தாராவியில் படம் போட்டுக் கொடுக்கிற பையன் கம்ப்யூட்டரில் பார்த்து, “அங்கிள், ஆண்ட்டி ஓரத்துல இருக்காங்க. காலியா இருக்கிறத காட் தூங்கா, அச்சா லகேகா” என்றான். வெட்டினால் நன்றாகத்தான் இருக்கும். “நஹி, ரெஹ்னே தோ”, அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவனுக்கு எந்த பாஷையில் சொல்வது?

அறையில் மாட்டினேன். கூட இருக்கிற இசக்கி, எங்கள் பக்கத்து ஊர்க்காரன், பல் தேய்த்துக்கொண்டே வந்து பார்த்தான். “அண்ணாச்சி, மயினி யாருக்கு இடம் விட்டு நிக்காவ?”

“டைகருக்குடே.”

அவன் பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தான்.

“நாய்க்கா இம்புட்டு ஒசரத்துக்கு இடம்?”

பட்டறைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. படத்தில் பேச்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெறும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் அதன் எதிரே நின்றுகொண்டிருந்தேன்.