கரி என்று நினைத்துத் துடைத்தேன்

அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த நினைவுப் புத்தகத்தைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் எல்லோருக்கும் அவருடைய மகள் கும்பிட்டு எழுதுகிறேன். ஏழாவதோடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது திருப்பத்தூர் பக்கம். கல்யாணம் ஆன புதிதில் பெங்களூர் வந்து, ஜோகுபாளையத்தில் இஸ்திரி வண்டி போட்டார். கரிப்பெட்டியை ஊதி ஊதியே எங்களை வளர்த்தார். யார் துணியையும் தீய்த்ததில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மூக்கெல்லாம் கரியாக இருக்கும். ஈரத் துணியால் துடைத்துவிடுவது என் வேலை.

“பாருடி உங்கப்பாவ, மூக்குக்குள்ளயும் மீசை வளக்குறாரு” என்பார் அம்மா.

“இந்த மீசையப் பாத்துதான் உங்கப்பன் பொண்ணு குடுத்தான்” என்பார் அப்பா.

அவருக்குச் சுகர் இருந்தது. கல்யாண சீசனில் வேலை குவிந்தால் மாத்திரையை மறந்துவிடுவார். போன வருஷமும் அப்படித்தான். ஒரு பக்கம் தலை வலிக்கிறது, கன்னம் வலிக்கிறது என்று படுத்துவிட்டார். பல் வலி என்று கிராம்பு வைத்தோம். மூக்கின் வலது பக்கம் கறுப்பாக இருந்தது. துடைத்தேன், போகவில்லை. மறுநாளும் துடைத்தேன்.

“அழுத்தித் தேய்மா, எனக்கு வலிக்கல” என்றார்.

வண்டிக்கே போகாமல் படுத்திருப்பவருக்குக் கரி எங்கிருந்து வரும் என்று என் புத்திக்குத் தோன்றவில்லை. மூன்றாம் நாள், “எதுக்குமா ரெண்டு பேரா நிக்கிற?” என்றார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். நாலாம் நாள் வலது கண் இமை தூக்க முடியாமல் மூடிக்கொண்டது. அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். “இந்தக் கறுப்பு எத்தனை நாளா இருக்கு?”

“அது கரி சார். அப்பா இஸ்திரி போடுறவரு.”

“கரி இல்லம்மா, பூஞ்சை. ரொட்டி மேல பூக்குதே, அந்த ஜாதி. சுகர் ஏறிக் கிடக்கிறவங்களுக்கு மூக்குல பிடிச்சு, கண்ணு வழியா மூளைக்கு ஏறிடும்.”

“அறுத்து எடுத்துடுங்க சார்.”

“எடுக்கிறோம். மூளைக்குப் போனத எடுக்க முடியாதும்மா. மொதல் நாளே வந்திருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார்.

ஆபரேஷன் செய்தும் ஒன்பது நாள்தான் இருந்தார். கடைசியில் எங்களைத் தெரியவில்லை. கை மட்டும் போர்வை மேல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது, இஸ்திரி போடுவதுபோல.

ஊசி மருந்துக்கு அலைந்த சித்தப்பாவுக்கும், ரத்தம் கொடுத்த ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்மாருக்கும், தினம் வந்து பார்த்த துணி கொடுக்கும் வீட்டு அம்மாக்களுக்கும் நன்றி. உங்கள் வீட்டில் சுகர்காரர் இருந்தால், முகத்தில் ஒரு பக்கம் வலித்தாலோ மரத்துப்போனாலோ, மூக்கில் கறுப்பு வந்தாலோ, பார்ப்பது இரண்டாகத் தெரிந்தாலோ, அன்றைக்கே காட்டுங்கள். இதைச் சொல்வதால் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை.

கடைசியாகத் துடைத்த துணி இன்னும் கொடியில் கிடக்கிறது. கரி பட்டிருந்தால் கறுத்திருக்கும். அது வெள்ளையாகத்தான் இருக்கிறது. அன்றைக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது.