தெற்கு மூலைக் கல்

வேங்கடபதிக்குத் தறி போட ஒரு வீடு வேண்டும். 1942-ல் அருப்புக்கோட்டையில் அது லேசான காரியமில்லை. ரங்கூனிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பியவர்கள் ஒரு பக்கம், டவுனில் இருந்தால்தான் நூல் கிடைக்கும் என்று கிராமத்தை விட்டு வந்த நெசவாளிகள் இன்னொரு பக்கம். ஒரு வீடு காலியாகிறதென்றால், இருப்பவன் சட்டி பானையைத் தூக்குவதற்குள் வாசலில் நாலு பேர் நிற்பார்கள். பாலவனத்தத்திலிருந்து வந்த வேங்கடபதியும் அவர் மனைவி வெங்கடலட்சுமியும் அப்படி எத்தனையோ வாசலில் நின்றவர்கள்தான்.

கடைசியில் தனுஷ்கோடி என்பவர் வீடு கொடுத்தார். பொடி போட்டுப் போட்டு அடைத்துப்போன மூக்கால் பேசுகிற மனிதர். வாடகைச் சீட்டு எழுதிக்கொள்ளலாமா என்று வேங்கடபதி இழுத்தபோது, நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

"சீட்டு எதுக்குய்யா? குழிய வெட்டித் தறியப் போடும். இனிமே இது ஒம்ம வீடு."

நெசவாளிக்கு அந்தச் சொல் போதும். நெய்கிறவன் காலை இறக்கி உட்காரும் குழியை, மஞ்சள் குங்குமம் வைத்து, அடியில் ஒரு காலணாவைப் புதைத்து வெட்டிவிட்டால், அதைவிட்டு எழுந்திரு என்று யாரும் சொல்லமாட்டார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. சீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

தரைக்கு அடியில் சுக்கான்பாறை. கடப்பாரை முனை மழுங்க வேங்கடபதி ஐந்து நாள் வெட்டினார். தெற்கு மூலையில் ஒரு கல் மட்டும் அசையவே இல்லை. கிடக்கட்டும் சனியன் என்று விட்டார். முதல் நாள் குழியில் இறங்கும்போதே அது முழங்காலுக்குக் கீழே கிழித்துவிட்டது. வெங்கடலட்சுமி மஞ்சளை அரைத்து வைத்துவிட்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே இது ஒம்ம கல்லு."

அச்சு அசல் தனுஷ்கோடி. அதன்பிறகு அவர் தறியில் உட்காரும்போதெல்லாம் அவள் அதைச் சொல்வாள். அவர் இழையை அறுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பார்.

ஐந்தாம் மாதம் தனுஷ்கோடி கண் கலங்க வந்து நின்றார். ரங்கூனிலிருந்த தம்பி, பெண்டாட்டி பிள்ளைகளோடு காட்டு வழியாக நடந்தே வந்து சேர்ந்துவிட்டானாம். காலெல்லாம் புண்ணாம். ஒதுங்க இடமில்லையாம். தம்பி எங்கே என்று கேட்க வேங்கடபதிக்குத் தோன்றவில்லை. கையில் சீட்டு இருந்திருந்தாலும் அதை நீட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான். அந்தப் பிள்ளைகள் படுக்கட்டும் என்று வெங்கடலட்சுமி தன் பாயை அங்கேயே விரித்துவிட்டு வந்தாள்.

தெரிந்தவர் ஒருவரின் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஒண்டினார்கள். தறிக்கட்டைகள் சுவரில் சாய்ந்து கிடந்தன. ஏறிய வாசலெல்லாம் கையை விரித்தது.

பதினைந்தாம் நாள், தறியில் ஊடை நூலை ஓட்டும் நாடாவை மறந்து விட்டுவந்திருந்ததால், அதை எடுக்க வேங்கடபதி பழைய வீட்டுக்குப் போனார். உள்ளே தறிச்சத்தம் கேட்டது. பரளச்சியிலிருந்து வந்த ரங்கராஜ் என்ற இளைஞன் குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். அவனுடைய பிள்ளைத்தாச்சி மனைவி, வெங்கடலட்சுமியின் பாயில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வந்தவரும் நெசவாளி என்று தெரிந்ததும் ரங்கராஜுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தக் காலத்துல குழியோட வீடு கெடைக்குமாண்ணே? வீட்டுக்காரரே ஆள் வச்சு வெட்டுனாராம். அதுக்குத்தான் வாடகை ஒண்ணரை மடங்கு. சீட்டுகூட வேண்டாம்னுட்டாரு. தங்கமான மனுசன்."

வேங்கடபதி அந்தப் பாயையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்ல நிறைய இருந்தது. வந்தது இவ்வளவுதான்.

"தெக்கு மூலையில ஒரு கல்லு நிக்கும் தம்பி. எறங்கும்போது பாத்து எறங்கு."

தறி நின்றது. ரங்கராஜ் குனிந்து தன் காலிலிருந்த புதுக் காயத்தைப் பார்த்தான். பிறகு வேட்டிக்குக் கீழே தெரிந்த அவருடைய தழும்பைப் பார்த்தான்.

"அண்ணே, நீங்க வெட்டுனதா இது?"

"சீட்டு எளுதி வாங்கிக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாடாவைக் கேட்க மறந்துபோனார்.

கொட்டகைக்கு வந்து நடந்ததைச் சொன்னார். வெங்கடலட்சுமியின் விரல்கள் பழக்கத்தில் மூக்குக்குப் போயின. "தம்பி நடந்தே வந்துட்டான்யா" என்று ஆரம்பித்தாள். குரல் அப்படியே வந்தது. அவர் சிரிக்கவில்லை. பாதியில் அது அவளுடைய சொந்த அழுகையாகிவிட்டது.

அதற்குப் பிறகு வேங்கடபதி எங்கும் குழி வெட்டவில்லை. தறிக்கட்டைகளை விற்றுவிட்டு, கடைசிவரை அடுத்தவர் தறியில் கூலிக்கு நெய்தார். எந்தக் குழியில் இறங்கினாலும், முதலில் தெற்கு மூலையைக் காலால் தடவிப் பார்ப்பார்.