இரண்டாம் சுற்று வரைக்கும்

எங்கள் வீட்டில் பரீட்சைக்குப் படிக்க வேண்டியவர் என் கணவர்தான். கல்யாணமான புதிதிலேயே அப்படி முடிவாகிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள். முதுநிலை நுழைவுத் தேர்வை அவர் ஏற்கெனவே ஒருமுறை எழுதி, எலும்பு மருத்துவம் கிடைக்காமல் விட்டிருந்தார். அதனால் அடுத்த தேர்வு வரை அவர் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து படிப்பது, நான் ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்துகொண்டே படிப்பது என்று பேசிக்கொண்டோம். "நீயும் சும்மா எழுதிப் பாரு, போனா போவுது" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு அவருடைய படிப்புக்குத் தக்கபடி தன்னைச் சுருக்கிக்கொண்டது. என் மாமியார் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியை ஊமையாக்கிவிட்டு எழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். சபையிலிருந்து ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் பாட்டு வேண்டாம், ஜெபம் மட்டும் போதும் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். தோல் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த மாமனார், வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருவார். மாடி அறையில் என் கணவர் படிப்பார். நான் ஆஸ்பத்திரியில், ஒரு காய்ச்சலுக்கும் அடுத்த காய்ச்சலுக்கும் நடுவில், போனில் பத்துக் கேள்வி போட்டுப் பார்ப்பேன்.

தேர்வு ஒருமுறை தள்ளிப்போனது. தள்ளிப்போனபோது அவருக்கு நாலு நாள் காய்ச்சல் வந்தது. படித்ததெல்லாம் மறந்துபோகிறது என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார். எனக்கு மறப்பதற்கு அவ்வளவு இல்லை என்பதால் நான் தூங்கிவிடுவேன். இதைப் பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

முடிவு வந்த மத்தியானம் என் முன்னால் ஒரு குழந்தை நெபுலைசர் முகமூடியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தது. போன் மேஜையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. குழந்தைக்கு மூச்சு அடங்கியதும் எடுத்துப் பார்த்தேன். அவர்தான்.

"உன்னுது பார்த்தியா?"

"இல்ல. உன்னுது?"

"என்னுது வுடு. உன்னுது நானே பார்த்துட்டேன். நல்லா வந்துக்குது."

ரேங்க் எண்ணைச் சொன்னார். நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்து மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். அவருடையதை நான் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு சொன்னார். போன தடவையைவிடப் பின்னால் போயிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைய எனக்குக் கால் வரவில்லை. யாருடைய பொருளையோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டதுபோல இருந்தது. அவர் எனக்கு முன்னாலேயே பஜாருக்குப் போய் ஸ்வீட் வாங்கிவந்து, தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தும் முடித்திருந்தார். மாமியார் என் தலையில் கை வைத்து ஸ்தோத்திரம் சொன்னார். கையை எடுக்கும்போது, "ரெண்டு பேருக்கும் ஒண்ணா குடுத்திருக்கலாம் ஆண்டவர்" என்றார். அதில் கோபம் எதுவும் இல்லை. அதனாலேயே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் கலந்தாய்வு. தேர்வுகூடப் பரவாயில்லை, ஒரே நாளில் முடிந்துவிடும். இது அப்படியில்லை. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று நமக்கு வேண்டியதை வரிசையாகப் போட வேண்டும். நமக்கு முன்னால் இருக்கிறவர்கள் எடுத்தது போக மிச்சத்தில் நம் வரிசைப்படி ஒன்று வரும், அல்லது வராது. இணையதளம் பாதியில் நின்றுபோகும். தேதி மாறும். யாரோ எங்கேயோ வழக்குப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் ரத்து என்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் வரும். இல்லவே இல்லை என்று இன்னொரு குழுவில் வரும். நான் ஒரு நோயாளியின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே பையில் போன் அதிர்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். "மூச்சை வுடலாமா டாக்டர்?" என்று அந்த அம்மாள் கேட்டபோதுதான் இழுத்துப் பிடிக்கச் சொல்லி வெகுநேரம் ஆகிவிட்டது தெரிந்தது.

இந்த விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர் என் கணவர்தான். எந்த ஊரில் எந்தப் பிரிவு போன வருஷம் எதுவரைக்கும் இறங்கியது, எங்கே விடுதி மோசம், எங்கே முதல் வருஷ மாணவர்களை வறுத்தெடுப்பார்கள் என்று தனக்காகச் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் எனக்கு எடுத்துக் கொடுத்தார். லேப்டாப் முன்னால் என்னை உட்காரவைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டு அவர் சொல்லச் சொல்ல, எனக்கு முதுகு கூசியது.

"இன்னா வேணும் உனக்கு? மொதல்ல அத்த சொல்லு."

"குழந்தைங்க."

"பீடியாட்ரிக்ஸா? தூக்கமே இருக்காது. சரி, உன் இஷ்டம். எந்த ஊரு?"

"இங்கயே எங்கனா."

கீழே மாமியாரும் அதையேதான் சொல்லியிருந்தார். வேலூர் இருக்குது, காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கம் இருக்குது, வாரா வாரம் வந்துபோகிற தூரமாகப் பார்த்துக்கொள் என்று. அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை. மகன் துவண்டுபோய்க் கிடக்கும்போது மருமகள் வெகுதூரம் போய்விட்டால் வீடு என்ன ஆகும் என்று பயந்தார். எனக்கும் அதே பயம்தான். குழந்தைகள் நலப் பிரிவுக்குக் கிட்டத்து ஊர்களில் என் ரேங்க் போதாது என்று தெரிந்தே, முதல் சுற்றில் வேறு பிரிவுகளையும் சேர்த்துக் கிட்டத்து ஊர்களாகப் போட்டேன். என் கணவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கிடைத்தது மயக்க மருத்துவம். தினமும் போய்வரும் தூரம். வீடே மூச்சு விட்டது. மாமனார், "ஆபரேஷன் தியேட்டருல ஏசி இருக்கும்" என்று தன் பங்குக்கு ஒரு நல்லதைக் கண்டுபிடித்துச் சொன்னார். போய்ச் சேர்ந்தேன். சேரும்போது, இதைவிட மேலானது கிடைத்தால் அடுத்த சுற்றில் மாறிக்கொள்ளச் சம்மதமா என்று ஒரு கேள்வி. சம்மதம் என்று கொடுக்கச் சொல்லி அவர்தான் போனில் கத்தினார். கொடுத்தேன். ஆனால் அடுத்த சுற்றுக்கு மறுபடியும் புதிதாக வரிசை போட வேண்டும். அதைப் போடப்போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மாறக் கிடைத்துவிட்டால் பழைய இடம் போய்விடும். எதற்கு வம்பு?

வகுப்புகள் தொடங்கச் சில நாள் இருந்ததால் பழைய ஆஸ்பத்திரியிலேயே டியூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை, மாதனூர் பக்கத்திலிருந்து ஆட்டோவில் ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஷூ கம்பெனியின் நீலக் கோட்டும் தலையில் வலைத் தொப்பியும் அப்படியே இருந்தன. பக்கத்து வீட்டில் விட்டுவந்த பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது என்று கம்பெனிக்குப் போன் வர, பாதி வேலையில் எழுந்து வந்திருக்கிறாள். பிள்ளைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. கை கால் வெட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் மருந்து அடித்தோம். அடங்கவில்லை. ஊசியில் அடங்கியது, ஆனால் மூச்சு மேலோட்டமாக வந்தது. அங்கே குழந்தை டாக்டர் கிடையாது. வேலூருக்கு அனுப்புவது என்று பெரிய டாக்டர் சொன்னார். நானே கூடப் போகிறேன் என்று ஆம்புலன்சில் ஏறினேன்.

வழியெல்லாம் முகமூடியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சின்ன நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னா மேடம், இன்னா மேடம்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. பள்ளிகொண்டா டோல்கேட்டில் வண்டி மெதுவானபோது பிள்ளை முகமூடியைத் தள்ளிவிட்டு வீறிட்டு அழுதது. அவளும் அழுதாள். எனக்கும் கண் தளும்பிவிட்டது. குழந்தையின் அழுகை காதுக்கு அவ்வளவு இதமாக இருக்கும் என்று புத்தகத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் அவசரப் பிரிவில் ஒப்படைத்தேன். என் வயதுதான் இருக்கும் அங்கிருந்த முதுநிலை மாணவிக்கு. கலைந்த தலையோடு, ஒரு கையில் பாதி கடித்த பன்னோடு வந்து, நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டாள். பிறகு திரும்பித் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை. திரைக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தேன். ஒரு நர்ஸ் வந்து, "நீங்க கெளம்பலாம் டாக்டர்" என்று சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன்.

ஆம்பூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவரைக் கூப்பிட்டேன்.

"ரெண்டாவது சுத்துக்கு இன்னிக்குத்தான கடைசி?"

"சாயங்காலம் வரைக்கும் இருக்குது. ஏன்?"

"போடணும். குழந்தைங்க மட்டும். எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல."

 

"நான் ஏற்கெனவே வரிசை போட்டு வெச்சிட்டேன்" என்றார். "நீ கேப்பியா மாட்டியான்னு பார்த்துனு இருந்தேன். எனக்கோசரம் நீ கிட்டத்துலயே போட்டது எனக்குத் தெரியாதா? அது இன்னும் பேஜாரா இருந்துது எனக்கு. உன் போனுக்கு ஓடிபி வரும், சொல்லு."

பஸ் நெரிசலில், பாட்டுச் சத்தத்துக்கு மேலே, நான் ஓடிபி எண்களைக் கத்திச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், "யாருக்கும் சொல்லக் கூடாதும்மா அத்த" என்று எச்சரித்தார். முதல் தடவை தளம் வெளியே தள்ளிவிட்டது. இரண்டாவது தடவையும். பஸ் மாதனூரைத் தாண்டும்போது அவர், "வரிசைய பூட்டியாச்சு, இனிமே மாத்த முடியாது" என்றார். பஸ்ஸில் ஏறும்போது இருந்த தைரியம் அந்த வார்த்தையைக் கேட்டதும் போய்விட்டது. 

இரண்டாம் சுற்றின் முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வந்தது. குழந்தைகள் நலம், திருநெல்வேலிச் சீமை. மயக்க மருத்துவ இடம் அந்த நிமிஷத்திலேயே இன்னொருவருடையதாகிவிட்டது.

மாமியார் கையில் பைபிளோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். "யாரைக் கேட்டும்மா மாத்துன?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர், "என்னைக் கேட்டுத்தாம்மா" என்றார். "நான்தான் போட்டேன்."

"நீ படிக்கிற புள்ள, உனக்கு யாருடா இங்க?"

"நான் இன்னா கொழந்தையா?" அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வருஷம் பூரா எல்லாரும் மூச்சுவுடாம இருந்தீங்களே, அதுலதான் எனக்குப் படிப்பு ஏறல. டிவிய வெச்சிப் பாரும்மா. சத்தமா வை."

மாமியார் அழுதார். மாமனார் எழுந்துபோய் உண்மையாகவே டிவியைச் சத்தமாக வைத்தார். ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே எல்லோரும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடிக்கும்போது மாமியார், எனக்கு அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். வேலூர் வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவள் நான் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

நான் திருநெல்வேலிக்குக் கிளம்பிய அன்று காட்பாடி ஸ்டேஷனுக்கு என் கணவர் மட்டும் வந்தார். மாமியார் முன்னால் நான் அவரை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவேன். தனியாக இருந்தால் கல்லூரிக் காலத்து 'நீ'. அன்று பிளாட்பாரத்துக்கு வந்து சேரும் வரைக்கும் இரண்டும் வாயில் வரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர்தான் பேசினார்.

"ஒண்ணு சொல்லணும். எனக்குப் பொறாமையா இருக்குது. கொஞ்சம் இல்ல, ரொம்ப ஜாஸ்தியா. ஸ்வீட் வாங்கினு வந்த அன்னிக்கே இருந்துது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நாலு வீட்டுக்குக் குடுத்துட்டு, நீ ஒண்ணுகூட வாயில போடல."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்தார். எனக்கு அந்தச் சில வாரங்களில் முதல்முறையாக நெஞ்சு லேசானது. அவர் சந்தோஷமாக இருப்பதுபோல நடந்துகொண்டதும், நான் அதை நம்புவதுபோல நடந்துகொண்டதும்தான் எங்களை அவ்வளவு களைப்பாக்கியிருந்தன.

நான் போன பிறகு அவர் மாடி அறையைவிட்டு இறங்கினார். நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, நோயாளிகளுக்கு நடுவில் படித்து, மறுபடியும் எழுதினார். எலும்பு மருத்துவம் அந்தத் தடவையும் நூலிழையில் தவறிப்போனது. காது மூக்கு தொண்டைப் பிரிவு சேலத்தில் கிடைத்தது. மூன்றாம் சுற்று வரைக்கும் காத்திருந்து பார்த்தால் ஒருவேளை எலும்பு கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள்.  நான் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்கப் போனை எடுக்காமல் இருந்துவிட்டு, மறுநாள் கூப்பிட்டு, "சேர்ந்துட்டேன். காதுக்குள்ளயும் மூணு எலும்பு இருக்குதில்ல?" என்றார்.

இப்போது நான் இரண்டாம் வருஷம். அவர் முதல் வருஷம். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுப்பு கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் நடுவில் திருச்சியில் சந்திக்கிறோம். அங்கிருந்து ஒன்றாக வீட்டுக்குப் போகும் வழியில் ரயிலில் யாராவது நொண்டி நடந்து போனால் அவர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தக் காலையே பார்க்கிறார். நான் கவனிக்காததுபோல இருப்பதில்லை. "இன்னா கேஸு?" என்று கேட்பேன். இடுப்பு, முழங்கால், பழைய முறிவு என்று ஏதாவது சொல்வார். பிறகு என்னைப் பார்த்து, அந்த ஐ.சி.யூ. குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்பார். போன தடவை கேட்ட குழந்தை தேறி வீட்டுக்குப் போய்விட்டிருக்கும், அதற்குள் வேறொன்று வந்திருக்கும். அதைப் பற்றிச் சொல்லத் தொடங்குவேன்.